பழைய ஐரோப்பிய பீங்கான் வாங்குறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதுசா சேகரிக்க ஆரம்பிச்ச ஒரு தம்பி, வாங்கலாமான்னு கேட்டு ஒரு தட்டோட அஞ்சு போட்டோ அனுப்பினாரு, அஞ்சுமே ஆலை மார்க் போட்டிருக்கிற அடிப்பக்கம்தான். பன்னெண்டு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் பார்ப்பேன், அதான் எழுத உக்காந்துட்டேன். பாத்து எடுங்க, கீழ போட்டுடாதீங்கங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மார்க்கை நம்பி காசு கொடுக்கிறது

இதை நெனச்சா இன்னும் வயிறு எரியுது. பாரிஸ்ல ஒரு பழைய சாமான் சந்தை, வான நீலத்துல தங்க ஓரம் வச்ச கப்பு சாசர், அடியில செவ்ர்ங்கிற பிரெஞ்சு பீங்கான் ஆலையோட மார்க், ரெண்டு எல் எழுத்து பின்னிக்கிட்டு, நடுவுல வருஷத்தைக் காட்டுற டி எழுத்து, அதாவது 1756. ஒரு மாச சம்பளத்தை எண்ணிக் கொடுத்துட்டு வந்தேன். வீட்டுல லென்ஸ் வச்சு சாசரோட அடி வளையத்தைப் பார்த்தா, சில்லு போன இடம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு. அது ஹார்ட் பேஸ்ட், அதாவது கயோலின் கலந்து செஞ்ச கெட்டிப் பீங்கான்! அதுக்கு வேண்டிய கயோலின் மண்ணு பிரான்ஸ்ல லிமோஜ் பக்கம் கெடச்சதே 1768லதான், அப்புறம் 1756ல செவ்ர்ல எப்படி அதை செஞ்சிருப்பாங்க? அந்த வருஷத்து செவ்ர் சாஃப்ட் பேஸ்ட், அதாவது கயோலின் இல்லாத பீங்கான், உடைஞ்ச இடம் கல்கண்டு நொறுங்கின மாதிரி சொரசொரன்னு இருக்கும், வர்ணம் கிளேஸுக்குள்ள, அதாவது மேல இருக்கிற கண்ணாடிப் பூச்சுக்குள்ள ஊறிப்போயிருக்கும், என்னோடதுல பூவிதழ் ஒவ்வொண்ணும் விரல்ல தட்டுப்பட்டுச்சு.

சரி, சாஃப்ட் பேஸ்ட்டா இருந்தா நம்பிடலாமான்னா அதுவும் முடியாது, ஏன்னா 1800க்கு அப்புறம் செவ்ர் ஆலை தேங்கிக் கிடந்த வெள்ளைப் பாத்திரங்களை வித்துச்சு, வாங்கினவங்க ஆலைக்கு வெளியில வர்ணம் தீட்டிக்கிட்டாங்க. ஜெர்மனியில இருக்கிற மைசன் ஆலையோட குறுக்கு வாள் மார்க்கை 18ஆம் நூற்றாண்டுலயே இங்கிலாந்து வூஸ்டர்ல போட்டுக்கிட்டாங்க. அதனால மொதல்ல மண்ணு, அப்புறம் கிளேஸ், அப்புறம் வர்ணம், தங்கம். மார்க்கைக் கடைசியா பாருங்க.

வாள் மேல கீறல்

மைசன் வாளுக்குக் குறுக்க வெட்டுன மாதிரி கோடு இருந்தா அது தேய்மானம் இல்ல. ஆலையே தரம் கம்மின்னு ஒதுக்கினது. முழு விலை கொடுக்காதீங்க.

ஜெர்மனின்னு எழுதியிருந்தா

18ஆம் நூற்றாண்டு கிடையாது. நாட்டுப் பேரு போடுறது அமெரிக்காவோட 1890 வரிச் சட்டத்துக்கு அப்புறம் வந்த பழக்கம்.

ப்ளீச்

கறை எடுக்கிறேன்னு அதைத் தொடவே தொடாதீங்க.

வெந்நீர்ல ஊறப்போடுறது

பழைய ரிப்பேர்ல ஒட்டின பசை விட்டுப் போயிடும். வாங்குறதுக்கு முன்னாடியே இருட்டுல யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சுப் பாருங்க, ரிப்பேருக்கு மேல பூசின இடம் பெரும்பாலும் தனியா தெரியும். நான் அடிச்சுப் பார்க்காம வாங்கின டீபாட்டோட கைப்பிடி தொட்டித் தண்ணியில தனியா கழண்டு வந்துச்சு.