வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஃப்ளூ காய்ச்சல்: தடுப்பதும் கவனிப்பதும்

இளையவர்களை ஒரு வாரம் படுக்கவைத்துவிட்டுப் போகும் ஃப்ளூ காய்ச்சல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு நிமோனியாவாக முற்றவும், ஏற்கெனவே உள்ள இதய நோயையும் சர்க்கரை நோயையும் மோசமாக்கவும் கூடும்.

படி 1: தடுப்பூசி

வைரஸ் அடிக்கடி உருமாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய 2 வாரங்கள் ஆகும் என்பதால், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. ஊசியே ஃப்ளூவை வரவழைத்துவிடும் என்று பல பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். வழக்கமான ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ்தான்; அது ஃப்ளூவை வரவழைக்காது. ஓரிரு நாள் கை வலியும் லேசான உடல்சூடும் இருக்கலாம்.

படி 2: வீட்டுக்குள் பரவாமல் தடுத்தல்

இருமல் உள்ள பேரப்பிள்ளைகளைச் சில நாள் தள்ளிப் படுக்க வையுங்கள். கவனிப்பவர் முகக்கவசம் அணிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

படி 3: அறிகுறிகளைக் கண்டுகொள்ளுதல்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். முதியவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே ஃப்ளூ இருக்கலாம். நேற்றுவரை தானாக எழுந்து நடந்தவர் இன்று கட்டிலைவிட்டு எழ மறுப்பது, சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் உட்கார்ந்திருப்பது, நேரமும் இடமும் தெரியாமல் பேசுவது, தடுமாறி விழுவது ஆகியவற்றை 'வயசாகிவிட்டது' என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 4: உடனே மருத்துவரைப் பார்த்தல்

ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு பலன் தரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருப்பதால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு வாங்க வேண்டாம்.

படி 5: வீட்டில் கவனிப்பு

கஞ்சி, ரசம், வெந்நீர் என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். இதய நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள்.

படி 6: மருத்துவமனைக்குச் செல்லுதல்

ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தீராத மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ, காய்ச்சல் விட்ட பிறகு திரும்ப அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, அவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய மருந்துச்சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.