டிரிஃப்ட் பழக 1000 குதிரைத்திறன் எதற்கு?

ஃபோர்ஸா ஹொரைசன் கார் கேமில் டிரிஃப்ட், அதாவது பின்சக்கரங்களைச் சறுக்கவிட்டு வளைவில் ஓட்டுவது, பழகுகிறீர்கள் என்றால், நிசான் சில்வியா, மஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகிற, எடை குறைந்த காராக எடுங்கள். எடுத்த கையோடு பெரிய எஞ்சினை மாட்டிவிடாதீர்கள், நானும் அதைச் செய்து ஒரு வாரம் பம்பரமாகச் சுற்றியவன்தான். 400, 500 குதிரைத்திறனே தாராளம். டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி என்று கார் சறுக்காமல் தடுக்கும் உதவிகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள், கியர் மேனுவல்.

அப்புறம் டியூனிங். பின்பக்க டிஃபரன்ஷியலில் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஆக்ஸிலரேஷனை 100 சதவீதத்துக்கு ஏற்றினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும், உள்பக்கச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று சறுக்கலைக் கெடுக்காது. முன்சக்கர கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) -5 டிகிரி பக்கம் கொண்டுபோங்கள், காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சின் சாய்வு) 7. எதிர்த்திசையில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது சாய்ந்திருக்கும் முன் டயர் சாலையில் நன்றாகப் பதிந்து பிடிக்கும்.

கியர்தான் பலரும் விட்டுவிடுகிற இடம். வளைவில் மூன்றாவது கியரில், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும். பாதியில் முள் இறங்கி டயர் பிடித்துக்கொண்டால் எல்லா கியர்களின் விகிதத்தையும் சேர்த்து மாற்றும் ஃபைனல் டிரைவை ஆக்ஸிலரேஷன் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, அதே வளைவில் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.