விக்டோரியக் காலத்து நாவல்களில் கண்ணீரும் நாடகத்தன்மையும்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா அரசி ஆண்ட விக்டோரியக் காலத்து (1837-1901) ஆங்கில நாவல்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவற்றைப் பாதிகூடப் படிக்காதவர்களும் தயக்கமின்றிச் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: அழுகை அதிகம், நாடகத்தனம் அதிகம். அது முழுப் பொய்யன்று. ஆனால் நூலை விட்டுவிட்டு, நூலைப் பற்றிய கேலியை மட்டும் படித்துத் தீர்ப்புக் கூறும் பழக்கம் அதோடு சேர்ந்தே வருகிறது.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்’ 1840-41இல் வாரத் தொடராக வெளிவந்தது. அதில் வரும் சிறுமி நெல்லின் மரணத்தைச் சிரிக்காமல் படிப்பதற்குக் கல்நெஞ்சு வேண்டும் என்று எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு பேச்சுவாக்கில் சொன்னதாக அவருடைய தோழி ஒருவர் பிற்காலத்தில் பதிவுசெய்தார். அந்தக் கேலியை மட்டும் அறிந்தவர், நெல் படுக்கையில் கிடந்து பக்கம் பக்கமாக வசனம் பேசி உயிர்விடுவதாகக் கற்பனை செய்துகொள்கிறார். நாவலில் அப்படியொரு காட்சியே இல்லை. அவளைத் தேடி வருபவர்கள் பனி சூழ்ந்த இரவில் அந்தக் கிராமத்தை வந்தடையும்போது, சித்தம் கலங்கிய தாத்தா அவள் உறங்குவதாகச் சொல்லிக்கொண்டு கணப்பின் அருகே உட்கார்ந்திருக்கிறார். அவளோ இறந்து இரண்டு நாளாகிவிட்டது. அவளுடைய இறுதி நேரம் பின்னர் சில வரிகளில் எடுத்துச் சொல்லப்படுவதோடு சரி. குறை வேறிடத்தில் இருக்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்பதை ஒப்பாரியின் பல்லவியைப் போலக் கதைசொல்லியே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவருடைய உரைநடை தன்னையறியாமல் எதுகையில்லாத செய்யுளின் தாளத்தில் விழுந்துவிடுகிறது. இதனை விமர்சகர் ஆர். எச். ஹோர்ன் 1844இலேயே அந்த உரைநடையைச் செய்யுள் வரிகளாக மடக்கி எழுதிக் காட்டினார். ஆகவே குறைசொல்ல விரும்புபவர் காட்சியை விட்டுவிட்டுக் கதைசொல்லியின் குரலைத்தான் குறைசொல்ல வேண்டும்.

எல்லா மரணக் காட்சிகளையும் ஒரே கூடையில் போடுவதும் இதைப் போன்றதே. ‘ப்ளீக் ஹவுஸ்’ (1852-53) நாவலில், சாலைச் சந்தியைக் கூட்டிப் பிழைக்கும் ஜோ என்னும் சிறுவன், மருத்துவர் சொல்லித்தரும் இறைவேண்டலை வரிவரியாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்து அதை முடிக்காமலேயே இறந்துபோகிறான். அடுத்த பத்தியில் கதைசொல்லி, மேடையின் முன்விளிம்புக்கு வந்து நிற்கும் நடிகனைப் போல, அரசியையும் பிரபுக்களையும் மதகுருமார்களையும் விளித்து, நம்மைச் சுற்றி நாள்தோறும் இப்படித்தான் சாகிறார்கள் என்கிறார். இது அப்பட்டமான நாடகம்தான். ஆனால் நெல்லுக்காக வரவழைக்கப்படும் கண்ணீர் வாசகனிடமே நின்றுவிட, ஜோவுக்கான கண்ணீர் ஆட்சியாளர்களின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறது.

நாம் ‘சினிமாத்தனம்’ என்று சட்டென ஒதுக்கிவிடும் குணத்தை, எழுதத் தெரியாததன் விளைவாகக் கொள்வது இன்னொரு பிழை. லண்டனில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பேச்சு நாடகத்தை முழுமையாக மேடையேற்றும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் போன்ற உரிமம் பெற்ற ஓரிரு அரங்குகளுக்கே இருந்தது; மற்ற அரங்குகள் இசையையும் அங்க அசைவையும் உறைந்து நிற்கும் காட்சிகளையும் நம்பியே கதை சொல்ல வேண்டியிருந்தது. இவ்வகை மிகையுணர்ச்சி நாடகத்தைக் குறிக்கும் மெலோடிராமா என்ற சொல்லிலேயே இசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒளிந்திருக்கிறது. அந்த மேடையைப் பார்த்து வளர்ந்த வாசகர்களுக்கு, அதன் சைகைகள் விளக்கம் தேவைப்படாத மொழியாக இருந்தன. டிக்கன்ஸுக்கும் இது தெரியும். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் 17ஆம் அத்தியாயத்தில், சோகமும் சிரிப்பும் மாறி மாறி வரும் மேடை வழக்கத்தைச் சிவப்பும் வெள்ளையுமாக வரியோடிய பன்றியிறைச்சிக்கு ஒப்பிட்டுக் கிண்டல் செய்துவிட்டு, வாழ்க்கையும் அப்படித்தானே மாறுகிறது என்று அந்த வழக்கத்துக்காக வாதாடவும் செய்கிறார். மேலும், இந்த நாவல்கள் பல வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டவை. கண்ணுக்கு மிகையாகத் தெரியும் அடுக்குத் தொடர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகு முடிவுசெய்வது நல்லது.

மேடை வடிவத்தின் பாவத்தை நாவலின் கணக்கில் எழுதுவதும் உண்டு. எல்லன் உட் எழுதிய ‘ஈஸ்ட் லின்’ (1861) நாவலில், கணவனையும் பிள்ளைகளையும் விட்டுச் சென்ற தாய், மாறுவேடத்தில் தன் பிள்ளைகளுக்கே ஆசிரியையாகத் திரும்பி வருகிறாள். மகன் இறந்ததும், என்னை ஒருமுறைகூட அம்மா என்று அழைக்காமலே போய்விட்டாயே என்று அவள் கதறும் வரி, விக்டோரிய மிகையுணர்ச்சிக்கு உதாரணமாக ஓயாமல் காட்டப்படுகிறது. அந்த வரி நாவலில் இல்லை. பின்னால் வந்த நாடக வடிவத்தில்தான் இருக்கிறது.

இந்தத் தவறுகளையெல்லாம் தவிர்த்தவர்கள், பரிவு மிகுந்து, அந்தக் காலத்து ரசனையே அப்படித்தான் என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்த நாட்டில், குழந்தையின் சாவு கதையில் அடிக்கடி வருவது இயல்புதான். அதற்காக அன்றைய வாசகர்கள் அனைவரும் ஒருமித்து அழுதார்கள் என்று கொள்ளக் கூடாது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1880இல், கசாப்புக்காரர் ஆட்டுக்குட்டியை அறுப்பதுபோல நெல் சந்தைக்காகவே கொல்லப்பட்டாள் என்று எழுதினார். நாவலாசிரியர் தாக்கரே ‘வேனிட்டி ஃபேர்’ (1847-48) நாவலைப் பொம்மலாட்டமாகவே அமைத்து, சூழ்ச்சிக்காரி பெக்கியின் பொய்க் கண்ணீரோடு அப்பாவி அமீலியாவின் மெய்க் கண்ணீரையும் நையாண்டி செய்தார். நாவலாசிரியை மேரி ஆன் எவன்ஸ், ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரை ஏற்பதற்கு முன்பே, 1856இல், டிக்கன்ஸின் பெயரைச் சொல்லாமல் எழுதிய கட்டுரை ஒன்றில், புற அடையாளங்களை அத்தனை துல்லியமாகத் தீட்டும் அந்த நாவலாசிரியர் துயரத்துக்குள் நுழைந்ததும் உண்மையை இழந்துவிடுகிறார் என்று அவர் குற்றம் சாட்டினார். அதே எலியட்தான், 1860இல், ‘தி மில் ஆன் த ஃப்ளாஸ்’ நாவலில், பிரிந்திருந்த அண்ணனையும் தங்கையையும் ஒரே படகில் ஏற்றி, பெருவெள்ளத்தில் ஒருவரையொருவர் தழுவியபடி மூழ்கவைத்துக் கதையை முடித்தார்.