எடை மெஷினும் கால் டீஸ்பூன் உப்பும்

ஜூனியர் டென்னிஸ் போட்டிகளுக்குப் போகும்போது என் பையில் ஓர் எடை மெஷின் இருக்கும். மற்ற பெற்றோர் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், சென்னையில், மூன்றாவது செட்டில் 4-2 என்று முன்னிலையில் இருந்த என் மகள், சர்வீஸ் போடப் பந்தைத் தூக்கியவள், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டேதான் இருந்தாள். அன்று கழற்றிப் போட்ட கருநீலச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் உங்கள் பிள்ளையின் வியர்வையை அளந்துவிடுங்கள். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பார்க்க வேண்டும். முடிந்ததும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வியர்வையில் நனைந்த துணியை மாற்றிவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். என் மகளுக்கு முன்பு 46.2 கிலோ, ஒன்றரை மணி நேரம் கழித்து 45.1. இடையில் 700 மில்லி குடித்திருந்தாள். ஆக 1.8 லிட்டர் வியர்வை, மணிக்கு 1.2 லிட்டர். எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஆட்டம் தளரும் என்பது பொதுக் கணக்கு. அவள் அதைத் தாண்டியிருந்தாள். எடை கூடியிருந்தால் அதுவும் தவறு. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில், உப்பில் இருக்கும் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும்.

ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் மாறும். நான் கலப்பது இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் உப்பு, எட்டு டீஸ்பூன் சர்க்கரை, ஓர் எலுமிச்சம்பழம். பக்கம் மாறும்போது 90 விநாடிதான் கிடைக்கும். அதற்குள் நாலைந்து வாய். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அவள் ஸ்கோரை நினைத்துக்கொண்டு பாட்டிலைத் தொடவே மாட்டாள். சிறுநீரகக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படி உப்புச் சேர்க்க வேண்டாம்.

“இளநீர் கொடுத்தால் போதாதா?” என்று என் மாமியார் கேட்டார். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுங்கள், அவருக்கும் மனம் நிறையும். வாழைப்பழமும் அப்படித்தான். 1989 பிரெஞ்ச் ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங், கால் பிடிப்போடு வாழைப்பழம் தின்று தின்றே அப்போதைய உலக நம்பர் ஒன் வீரர் லெண்டிலை வென்ற கதையைப் பயிற்சியாளர்கள் சொல்லாமல் விட மாட்டார்கள். பழம் தரும் மாவுச்சத்து நல்லதுதான். மணிக்கு 30 கிராமாவது தேவை. ஆனால் பிடிப்புக்கு அது மருந்தில்லை. உப்பு மட்டுமே மருந்து என்றும் சொல்ல மாட்டேன்; களைத்த தசைக்கும் அதில் பங்கு உண்டு.

களைப்புக்கு வழி பயிற்சியில்தான் இருக்கிறது. ஒரு பாயின்ட் பெரும்பாலும் பத்து விநாடிக்குள் முடிகிறது, அடுத்ததற்கு முன் 25 விநாடி இடைவெளி. அந்த வெடிப்பான ஓட்டத்துக்குத் தசையில் சேர்ந்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடி எரிபொருள் செலவாகிறது. பாதி திரும்பி வரவே அரை நிமிடம் வேண்டும். அதனால் விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடவிடுவதைக் குறைத்து, எட்டு விநாடி பாய்ச்சல், இருபது விநாடி நடை என்று பத்துப் பத்தாகச் செய்ய வைக்கிறோம்.

சாப்பாட்டில் பெரிய தலைவலி நேரம்தான். “மூன்றாவது கோர்ட், நான்காவது ஆட்டம்” என்று மட்டும் போட்டிருப்பார்கள். அது பதினொன்றா இரண்டா, யாருக்கும் தெரியாது. எப்படியும் ஏழு மணிக்கு நான்கு இட்லி, கொஞ்சம் சாம்பார், வடை கிடையாது. இழுத்துக்கொண்டே போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சின்ன டப்பாவில் தயிர்சாதம். கூப்பிடுவதற்கு அரை மணிக்கு முன் ஒரு ரஸ்தாளி.

ஆட்டம் முடிந்ததும் மறுபடி எடை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், உப்புப் போட்ட மோராகவோ அதே எலுமிச்சை நீராகவோ, மாலைக்குள் மெதுவாக. கூடவே சோறும் இரண்டு முட்டையும்.

எடை மெஷினைச் சமமான சிமென்ட் தரையில் வையுங்கள். நான் முதல் மாதம் முழுக்க ரப்பர் விரிப்பின் மேல் வைத்து அளந்துவிட்டு, எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டேன்.