அரியர்களால் நின்றுபோன பொறியியல் படிப்பை மீண்டும் தொடர்வது எப்படி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படித்து, பத்துப் பன்னிரண்டு அரியர்களுடன் (தேர்ச்சி பெறாமல் நிற்கும் பாடங்களுடன்) வீட்டில் இருந்துவிட்ட மாணவர், தம் கையில் எவ்வளவு காலம் மீதமிருக்கிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரடியாகச் சேர்ந்தவருக்கு முதல் செமஸ்டரிலிருந்து 7 ஆண்டுகளும், டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 6 ஆண்டுகளும் உண்டு. இடையில் படிப்பை நிறுத்தியிருந்த காலமும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கும் என்பதைப் பலர் அறியாமல் ஓராண்டை வீணாக்கிவிடுகிறார்கள். வரம்பைக் கடந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் சிறப்புத் தேர்வு வாய்ப்பு அளித்ததுண்டு என்றாலும், அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அடுத்து, நின்றுபோனதற்கான காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். தேர்வில் மட்டும் தோற்றவர் வகுப்புக்குத் திரும்ப வேண்டியதில்லை. கல்லூரித் தேர்வுப் பிரிவில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, ஏப்ரல்–மே, நவம்பர்–டிசம்பர் தேர்வுகளை எழுதலாம். வருகைப்பதிவு குறைந்து நிறுத்தப்பட்டவர் முதல்வர் வழியாக மறுசேர்க்கைக்கு விண்ணப்பித்து அந்த செமஸ்டரை மீண்டும் படிக்க வேண்டும். அப்போது நடைமுறையிலுள்ள ஒழுங்குமுறையே (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட, தேர்வு விதிகள்) அவருக்குப் பொருந்துவதால், கூடுதலாக எழுத வேண்டிய பாடங்களின் பட்டியலைத் துறைத் தலைவரிடம் எழுத்துப்பூர்வமாகப் பெற்றுக்கொள்வது அவசியம்.

இனி, படிப்புக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ஓர் எழுத்துத் தேர்வுப் பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரி அளிக்கும் உள்மதிப்பீடு) 20, பல்கலைக்கழகத் தேர்வு 80 என்று மதிப்பெண் பிரிகிறது. தேர்வை நூற்றுக்கு எழுதினாலும் அது 80ஆகக் குறைத்துக் கணக்கிடப்படும். தேர்வில் குறைந்தது 45 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 50ம் வேண்டும். எனவே இன்டர்னல் 14 வைத்திருப்பவருக்கு நூற்றுக்கு 45 போதும். 8 மட்டுமே வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கின்படி 53 வேண்டும். ஒவ்வோர் அரியருக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்தால், எது எளிது, எது கடினம் என்பது தெளிவாகிவிடும்.

வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டும் பதின்மூன்று மதிப்பெண் வினா ஒன்றும் வரும். ஐந்து யூனிட்டுகளில் மூன்றைப் பிழையறப் படித்தால் 39ம், அவற்றின் இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 12ம் சேர்ந்து 51 வருகிறது. நடைமுறையில் சில மதிப்பெண்கள் குறையும் என்பதால், மற்ற இரு யூனிட்டுகளின் இரண்டு மதிப்பெண் வினாக்களையும் விட்டுவிடக் கூடாது. ஐந்தையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட இந்த வழி மிகவும் பாதுகாப்பானது என்று உறுதியாகச் சொல்வேன். கணிதப் பாடங்களை மட்டும் வரிசை மாற்றாமல், முதல் செமஸ்டர் பாடத்திலிருந்தே தொடங்குங்கள். தொகையீடு (இன்டக்ரேஷன்) தெரியாமல், பின்னர் வரும் ஃபூரியர் தொடரைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு பருவத்துக்கு நான்கு பாடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலவரம்பு நெருங்கியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

வீட்டில் எத்தனை அரியர் என்ற உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். மறைத்துப் படிப்பவருக்குத் தேர்வுக் கட்டணம் கேட்பதுகூடப் பெரும் துன்பமாகிவிடுகிறது.

முடிவு வெளியானதும், சில மதிப்பெண்களில் தவறிய பாடத்துக்கு விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு மறுமதிப்பீட்டை முடிவு செய்யுங்கள். இவற்றுக்கான அவகாசம் சில நாள்களே என்பதால், முடிவு வரும் வாரத்தில் கல்லூரிக்குச் சென்றுவரத் தயாராக இருங்கள்.