பாதைத் தகவல் போடும்போது புள்ளியைக் கவனியுங்கள்

மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் நீலகிரிப் பாதை நிலவரம் போடுபவர்கள் இலக்கணம் முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை. 'கோத்தகிரிப் பாதை' என்பதில் 'ப்' விட்டுப்போனால் யாரும் வழி மாறமாட்டார்கள். ஆனால் 'குன்னூர் ரோடு மூடல்' என்று எழுதும்போது கடைசிப் புள்ளி விழாவிட்டால் அது 'மூடல', அதாவது ரோடு திறந்திருக்கிறது என்றாகிவிடும்! மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் காத்திருப்பவர் அதை நம்பி, குன்னூர் ரோட்டில் இருக்கும் பர்லியார் பக்கம் வண்டியை ஏற்றிவிடுவார். அதனால் 'மூடியாச்சு', 'திறந்தாச்சு' என்றே எழுதுங்கள், குழப்பமே வராது.

கேள்வி என்றால் கேள்விக்குறி கட்டாயம். 'ரோடு திறந்திருக்கு' என்று மொட்டையாகக் கேட்டால், அதையே செய்தி என்று நினைத்து நாலு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்துவிடுவார்கள். தேதி, நேரம், காலையா மாலையா என்பதையும் சேருங்கள்; சிக்னல் கிடைக்காத வளைவுகளில் தகவல் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.