பச்சிளம் குழந்தையின் சிறுநீர் அடைப்பு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிவுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு அணியும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறது. பயிற்சிக் காலத்தில் நாங்களும் அங்கேதான் விழுந்தோம் என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையைப் படிக்காமல் விடுவது, குழந்தை எப்போது சிறுநீர் கழித்தது என்று குறிக்காமல் விடுவது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் செவிலியர்களே பிடித்துவிடுவார்கள். நன்றாகப் படித்தவர்கள், அக்கறையோடு வேலை செய்கிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் ஸ்கேனைப் பார்த்து ஃபைலை மூடுவது

பிறந்த முதல் 48 மணி நேரத்தில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் சுரக்கும். வயிற்றுக்குள் இருந்தபோது வீங்கித் தெரிந்த சிறுநீரகம் அந்த நேரத்தில் சாதுவாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வீக்கம் என்றால் 48 மணி நேரம் கழித்து எடுங்கள். அது நார்மல் என்றாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று வேண்டும்.

ஆனால் இந்த விதியை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: எல்லோருக்கும் காத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வீக்கம், இருப்பதே ஒரே சிறுநீரகம், பனிக்குட நீர் குறைவு, ஆண் குழந்தையின் சிறுநீர்ப்பை தடித்துப் பெருத்திருக்கிறது, இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பிறந்த அன்றே ஸ்கேன்.

முதல் நாள் கிரியாட்டினின்

சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் இந்த ரத்த அளவு முதல் நாளில் அம்மாவுடையது. சில நாள் கழித்துப் பாருங்கள், ஒரு எண்ணை அல்ல, அது போகும் திசையை.

“டியூப் ஈஸியா போயிடுச்சு சார், பிளாக் இல்லை”

சிறுநீர்ப்பையை வடிக்கக் கத்தீட்டர் டியூப் போட்டவர்கள் சொல்லும் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இதற்குக் கொடுக்கும் விலை அவ்வளவு பெரியது.

ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் அடைப்பு இது: பின் யூரித்ராவில், அதாவது சிறுநீர்ப்பையின் வாயிலிருந்து வெளியே போகும் பாதையின் மேல்பகுதியில், மெல்லிய சவ்வு மடிப்புகள். வால்வு என்கிறோம். ஹியூ ஹாம்ப்டன் யங் 1919இல் இவற்றை வகை பிரித்து எழுதினார், அந்தப் பிரிவினைதான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இதன் சூட்சுமம் ஒன்றுதான். மேலிருந்து சிறுநீர் இறங்கும்போது மடிப்புகள் பாய்மரம்போல உப்பிப் பாதையை மறிக்கும். கீழிருந்து டியூப் ஏறும்போது அதே மடிப்புகள் ஒதுங்கி வழிவிடும். ஆகவே டியூப் தடையின்றிப் போவது வால்வு இல்லை என்பதற்கு அத்தாட்சியே அல்ல. வால்வு இருக்கும் குழந்தைக்கும் அப்படித்தான் போகும்.

ஒரு குழந்தை. கர்ப்பகால ஸ்கேனிலேயே இரு பக்க வீக்கம், பனிக்குட நீர் கொஞ்சம் குறைவு. பிறந்த இடத்தில் டியூப் போட்டிருக்கிறார்கள், தெளிவான சிறுநீர் வந்திருக்கிறது, மறுநாள் எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் “கத்தீட்டர் தடையின்றிச் சென்றது, அடைப்பு இல்லை” என்று அழகான கையெழுத்தில் இருந்தது. மூன்றாவது வாரம் எங்களிடம் வந்தான். பால் குடிக்கவில்லை, வாந்தி, துவண்டுபோய்க் கிடந்தான். அடிவயிற்றில் கை வைத்தால் சிறுநீர்ப்பை உருண்டையாக, கெட்டியாகத் தட்டுப்பட்டது. பொட்டாசியம் 7க்கு மேல், ஈசிஜியில் டி அலை கூர்ந்து நின்றது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது, கிருமித்தொற்றும் பரவியிருந்தது. கால்சியம் குளுக்கோனேட்டில் ஆரம்பித்து அவனை மீட்டோம். சிறுநீரகம் இழந்ததை மீட்க முடியவில்லை.

இடையில் அவனைப் பார்த்தவர் ஒருவர் மட்டுமல்ல, பலர். எல்லோரும் அந்தச் சீட்டைப் படித்திருக்கிறார்கள். “அடைப்பு இல்லை” என்று ஒருவர் எழுதிவிட்டால் அடுத்தவர் அதை அப்படியே நகலெடுக்கிறார். வீட்டில் அம்மா, “சொட்டுச் சொட்டாத்தான் போறான்” என்று சொன்னது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

“ஆனால் சிறுநீர் போகிறதே” என்பது இதன் தம்பி. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பையின் சுவர் தடித்திருக்கும், நிரம்பி வழிவதும் உண்டு. டயாப்பர் நனைந்திருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. குழந்தை கழிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தாரையாக வருகிறதா, சொட்டுகிறதா, முக்குகிறானா, கழித்த பிறகும் பை கையில் தட்டுப்படுகிறதா?

மூன்றாவது ஏமாற்றும் உண்டு. வால்வுக்கு மேலே யூரித்ரா விரிந்து ஒரு சின்னப் பைபோலவே இருக்கும், சிறுநீர்ப்பையின் கழுத்தோ தடித்து உயர்ந்திருக்கும். டியூப் உள்ளே போகாமல் அந்த விரிவிலேயே சுருண்டுகொள்ளும். கொஞ்சம் சிறுநீரும் வரும், எல்லோரும் திருப்தியாகக் கையைக் கழுவுவார்கள். போட்ட பிறகு ஸ்கேன் ப்ரோபை வைத்து, நுனி பைக்குள் இருக்கிறதா, பை சுருங்கியதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரு பக்க வீக்கமும் தடித்த பையும் உள்ள ஆண் குழந்தைக்கு, இல்லை என்று எம்சியூ (சிறுநீர்ப்பையில் சாயம் நிரப்பி எடுக்கும் எக்ஸ்ரே) காட்டும்வரை வால்வு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை டியூபை எடுக்காதீர்கள். எம்சியூ என்று சொல்லிப் பை நிரம்பிய படங்களை மட்டும் அனுப்பினால் அது எம்சியூ இல்லை. குழந்தை சிறுநீர் கழிக்கும் அந்தக் கணத்தில், சாய்த்துப் படுக்கவைத்து, யூரித்ரா முழுவதும் தெரிய எடுத்த படம் வேண்டும். மேல்பாதி விரிந்து, ஒரே கோட்டில் சட்டென்று நூலாக மெலிவது அதில்தான் தெரியும். எக்ஸ்ரே அறையில் காத்திருக்கப் பொறுமை இல்லாததால் தவறவிட்ட வால்வுகள் நிறைய. ஆன்டிபயாட்டிக் பாதுகாப்பு இல்லாமல் எடுப்பது தனித் தவறு.

பலூன் வைத்த ஃபோலி கத்தீட்டர்

வேண்டாம். 5 அல்லது 6 ஃபிரெஞ்ச் அளவு ஃபீடிங் டியூப் போதும். சின்னப் பையில் பலூன் அழுத்தினால் பை இறுகும், மேலிருந்து வரும் பாதைகளும் அடைபடலாம்.

வடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவது

அடைப்பு நீங்கியதும் சில குழந்தைகள் வெள்ளமாகச் சிறுநீர் கழிப்பார்கள். கூடவே சோடியமும் பைகார்பனேட்டும் போய்விடும். “நல்லா யூரின் போறான்” என்று மகிழ்ந்த இரவுக்குப் பிறகு காலையில் வறண்டுபோன குழந்தையைப் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் அளந்து, அதற்கேற்ப ட்ரிப்பை மாற்றி, எலக்ட்ரோலைட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எடையும்.

அவசரம் எதற்கு என்று குழம்புவது

வடிப்பதுதான் அவசரம், வால்வை வெட்டுவது அல்ல. பொட்டாசியமும் அமிலமும் சரியாகி, தொற்று அடங்கி, குழந்தை நிலைபெற்ற பிறகுதான் சிஸ்டோஸ்கோப், அதாவது யூரித்ரா வழியே உள்ளே பார்க்கும் கருவி. யூரித்ராவுக்குள் ஸ்கோப் போகாத அளவு சின்னக் குழந்தையா? அடிவயிற்றில் தற்காலிகத் திறப்பு வைத்துவிட்டு வளரவிடலாம். அதைத் தோல்வியாக நினைத்துப் பெரிய ஸ்கோப்பைத் திணித்தால் யூரித்ரா சுருங்கிப்போய் ஆயுளுக்கும் தொல்லை.

ஒரு பக்க வீக்கத்துக்கெல்லாம் கத்தியைத் தேடுவது

இங்கே தவறு எதிர்த்திசையில். சிறுநீரகமும் அதன் குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு என்று சந்தேகிக்கப்படும் வீக்கங்களில் பெரும்பாலானவை தானாகவே குறையும். முதல் வாரத்தில் ரெனோகிராம் (ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு பங்கு வேலை செய்கிறது, எப்படி வடிகிறது என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேன்) எடுத்து “வடியவில்லை” என்று பதறுகிறார்கள். அந்த வயதில் சிறுநீரகமே முதிரவில்லை, எப்படி வடியும்? நாலு முதல் ஆறு வாரம் போகட்டும். அந்தப் பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அல்லது அடுத்தடுத்த பரிசோதனையில் சரிந்தால், வீக்கம் ஏறிக்கொண்டே போனால், தொற்று திரும்பத் திரும்ப வந்தால் அப்போது பைலோபிளாஸ்டி, அதாவது அந்த இடத்து அடைப்பைச் சரிசெய்யும் அறுவை பற்றிப் பேசுவோம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நீர்க்கட்டிகள் தெரிந்தால் அது வீக்கமே அல்ல, மல்டிசிஸ்டிக் சிறுநீரகம். வழி வேறு.

பெண் குழந்தை

இந்த வால்வு வராது. யூரிட்டரோசீல், அதாவது சிறுநீரகக் குழாயின் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள் பைபோல உப்பியிருப்பது, இருக்கிறதா பாருங்கள். தண்டுவடக் கோளாறின் அடையாளம் உண்டா என்று குழந்தையைத் திருப்பி முதுகையும் பாருங்கள். அது ஆணுக்கும் பொருந்தும்.

முதல் ஆறு வாரத்தில் கோட்ரைமாக்சசோல்

கூடாது. இந்த ஆன்டிபயாட்டிக் மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கும் அபாயத்தைக் கூட்டும். தடுப்பு மருந்து வேண்டுமென்றால் செஃபலெக்சினோ அமாக்சிசிலினோ.

வால்வை வெட்டியதும் “குணமாயிற்று” என்று எழுதுவது

முதலில், முழுதும் போயிற்றா என்று சில மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மிச்ச மடிப்பு இருப்பது அபூர்வமல்ல. அடுத்தது, கருவிலேயே கெட்ட பை வெட்டியதால் மாறிவிடாது. இறுகியே இருக்கலாம், வளர்ந்த பிறகு தளர்ந்தும் போகலாம். முதல் வருடத்தில் கிரியாட்டினின் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது முக்கியம்: 0.8 மி.கி/டெ.லி.க்குக் கீழே போனால் நம்பிக்கை, 1க்கு மேலேயே நின்றுவிட்டால் சிறுநீரக மருத்துவரை அப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், வளர்ச்சி மூன்றையும் ஒவ்வொரு வருகையிலும் குறியுங்கள். ஐந்து வயதில் பகலில் டிரவுசரை நனைக்கிறான் என்று பெற்றோர் சொன்னால் பிடிவாதம் என்று திட்டி அனுப்பாமல், கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் அளந்து பாருங்கள்.